ஏஞ்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல... காலேஜ் பசங்க!

"ஏஞ்சல்ஸ் பாடுற மாதிரியே இருக்குல்ல!"

கொயர் பாட்டை யார் எங்க ஷேர் பண்ணாலும் கீழ இந்த ஒரு வரி வந்து உக்காந்துக்கும். சிடி அட்டையில போடுவாங்க. பத்திரிகை விமர்சனத்துல எழுதுவாங்க. எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல சித்தப்பா ஒருத்தர், கும்புடுற எமோஜி நாலஞ்சைச் சேர்த்து, அதே வரியைப் போட்டார். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. (சித்தப்பா மேல கோவம் இல்ல. அந்த வரி மேலதான்.)

ஏன்னா, ஏஞ்சல்னு சொல்லிட்டா கதை முடிஞ்சது. அதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்ல. வானத்துல இருந்து வந்துச்சு, காதுல விழுந்துச்சு, ஆமென்.

ஆனா நான் சொல்லப் போற கொயர்ல பாடுறது யாரு? பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைங்க. காலையில லேப். மத்தியானம் எழுதி முடிக்காத கட்டுரை. சாயங்காலம் அங்கியை மாட்டிக்கிட்டு வந்து நானூறு வருஷத்துக்கு முந்தின பாட்டைப் பாடுறாங்க. அது நெஞ்சைப் பிடிச்சு உலுக்குதுன்னா யாரோ உக்காந்து மண்டையை உடைச்சு வேலை பாத்திருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த வேலையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயைப் போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

சித்தப்பா போட்ட பாட்டு அல்லேக்ரி எழுதின மிசெரேரெ. 1630கள்ல ரோம்ல, போப்போட சிஸ்டைன் சேப்பல்ல பாடுறதுக்குன்னு எழுதினது. 14 வயசு மொசார்ட் 1770ல போய் ஒரு தடவை கேட்டுட்டு வந்து அப்படியே எழுதி வெச்சான்னு சொல்வாங்களே, அதே பாட்டு. அதுல நடுவுல ஒரு குரல் மட்டும் சர்ருனு மேல ஏறி, உச்சியில ஒரு சுரத்தைத் தொட்டுட்டு இறங்கும். அங்கதான் எல்லாருக்கும் ஏஞ்சல் தெரியுது.

வேடிக்கை என்னன்னா, அந்த உச்சி சுரம் அல்லேக்ரி எழுதினதே இல்ல! 19ஆம் நூற்றாண்டுல நகல் எடுத்தப்ப, மேல் சுருதியில எழுதி வெச்சிருந்த ஒரு துண்டைக் கீழ் சுருதிப் பாட்டுக்கு நடுவுல ஒட்டிட்டாங்க. அச்சாயிடுச்சு. எல்லாரும் பாடினாங்க. இப்ப அது இல்லாமப் பாடினா ஜனம் காசைத் திருப்பிக் கேக்கும்.

அந்தப் பாட்டை உலகம் பூரா பரப்பின ரெக்கார்ட் 1963ல கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயர் பாடினது. உச்சி சுரத்தைப் பாடின பையன் ராய் குட்மேன், அப்ப 12 வயசு. ரக்பி ஆட்டத்துல இருந்து முழங்கால்ல சேறோட நேரா ஓடி வந்து பாடினதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். (பிற்பாடு வயலின்காரரா, கண்டக்டரா பெரிய ஆள் ஆயிட்டார்.) பாட்டுல கேக்குறது ஏஞ்சல், அங்கிக்குள்ள இருந்தது சேறு. எனக்கு அந்தச் சேறு மேலதான் ஆர்வம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் தங்கச்சி கேம்பிரிட்ஜ் பக்கம் வேலையில இருக்கா. அவளைப் பாக்கப் போனா ரெண்டு பேரும் சேர்ந்து போற இடம் டிரினிட்டி காலேஜ் சேப்பல். நாங்க ரெண்டு பேரும் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. சர்ச் கொயர்ல வளந்த ஆளுங்க. நான் டெனார், அவ சோப்ரானோ. எங்க போனாலும் கொயரைத் தேடிப் போற வியாதி ரத்தத்துலயே இருக்கு.

(ஒரு சின்ன விளக்கம். இளையராஜா கிடார்ல கோல்டு மெடல் வாங்கினது லண்டன் டிரினிட்டி மியூசிக் காலேஜ் பரீட்சையில. அது வேற, இது வேற. இது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி. நியூட்டன் படிச்சது. நம்ம கணித மேதை ராமானுஜன் 1914ல கப்பலேறிப் போய்ச் சேந்தது. அப்புறம் சந்திரசேகர், இப்ப சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ஆக நம்மாளுங்களுக்கு அந்த வளாகம் அந்நியம் கிடையாது. கணக்குல போய்ச் சேந்துட்டோம். பாட்டுலயும் கொஞ்சம் எட்டிப் பாப்போமே.)

டிரினிட்டி கொயர்ல சுமார் 30 பேர். பெரும்பாலும் அங்கயே படிக்கிற பிள்ளைங்க. மியூசிக் படிக்கிறவங்க மட்டும்னு நெனைக்காதீங்க. கணக்கு, இன்ஜினியரிங், மொழிப் பாடம்னு எல்லாம் கலந்து இருப்பாங்க. குரல் தேர்வு வெச்சு எடுக்குறாங்க. ரொம்ப காலமா ஆம்பளைங்க மட்டுமே பாடிக்கிட்டிருந்த இடத்துல, 1982ல ரிச்சர்ட் மார்லோங்கிற கொயர் மாஸ்டர் பொம்பளைப் பிள்ளைங்களையும் சேத்து இப்ப இருக்குற கலப்புக் கொயரை ஆரம்பிச்சார். அவருக்கு அப்புறம் 2006ல இருந்து 2023 வரைக்கும் ஸ்டீபன் லேட்டன். 2011 வாக்குல கிராமஃபோன் பத்திரிகை உலகத்தோட சிறந்த 20 கொயர்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. இவங்களுக்கு 5வது இடம். சம்பளம் வாங்கிப் பாடுறவங்க எல்லாம் இருக்குற பட்டியல்ல, பரீட்சைக்குப் படிக்கிற பசங்க!

டெர்ம் நடக்கும்போது வாரத்துல சில நாள் சாயங்காலம் ஈவன்சாங் இருக்கும். எங்களுக்கு அது சொந்த வீட்டு சாப்பாடு. 1549ல வந்த ஜெபப் புத்தகம்தான் அதுக்கு அடிப்படை. மாலை ஆராதனைதான் அது: பைபிள் சங்கீதம், மரியாளோட பாட்டு, சிமியோனோட பாட்டு, நடுவுல வேத வாசிப்பு, ஒரு ஆந்தெம் (கொயர் மட்டும் பாடுற பாட்டு), ஜெபம். ஊர்ல தமிழ்ல கேட்டு வளந்த அதே வரிசை. ஒரே வித்தியாசம், ஊர்ல ஃபேன் சத்தம் சேந்து வரும்.

கொயர் ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா நிக்குது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மொதல்ல சங்கீதம்.

எல்லாரும் பெரிய ஆந்தெமுக்காகக் காத்திருப்பாங்க. நான் சங்கீதத்துக்குத்தான் காதைத் தீட்டி வெச்சுக்குவேன்.

ஏன்னு சொல்றேன். ஆங்கிலிகன் சேன்ட்னு சொல்றது ரொம்பச் சின்ன மெட்டு. எளிமையான வடிவத்துல மொத்தமே 10 சுர அடுக்குதான். ஆனா சங்கீதத்துல ஒரு வசனம் நாலு வார்த்தை, அடுத்த வசனம் இருபது வார்த்தை. அத்தனையும் அந்தப் பத்துக்குள்ள அடங்கணும். எப்படி? மொத சுரத்துல நின்னுக்கிட்டு வார்த்தைகளைப் பேசுற வேகத்துல சொல்லிட்டுப் போகணும், முடியுற இடத்துல மெட்டு திரும்பும். தாளம் கிடையாது. யாரும் ஒண்ணு-ரெண்டு எண்ண முடியாது.

நம்ம ஊர் விருத்தத்தை யோசிச்சுப் பாருங்க. தாளமில்லாம, வார்த்தையோட போக்குல, மூச்சுக்கு ஏத்த மாதிரி ஒருத்தர் பாடுவார். அதையே 30 பேர் சேந்து, அதுவும் நாலு குரலாப் பிரிஞ்சு, ஒரு எழுத்து முன்னப்பின்ன இல்லாமப் பாடணும்னா?

அதைத்தான் அந்தப் பிள்ளைங்க பண்றாங்க. ஒரு வசனத்துல கமா வருது. முப்பது பேரும் மயிரிழை நேரம் நிக்கிறாங்க. அடுத்த வசனம் கோவமா இருக்கு, வேகம் ஏறுது. யாரும் கை ஆட்டின மாதிரி தெரியல. மாஸ்டர் ஒரு ஓரமா விரலை மட்டும் அசைக்கிறார். எதிர் வரிசையில நிக்கிறவன் வாயைப் பாத்து இவன் பாடுறான்.

இதுக்கு நல்ல குரல் எவ்வளவு வேணும்? சுமாரா இருந்தாப் போதும். காது எவ்வளவு வேணும்? ரெண்டும் முழுசா வேணும்.

இதான் என் மொத்த வாதமும். நல்ல கொயரைக் குரல் உண்டாக்குறதில்ல, காது உண்டாக்குது. மிச்சம் எழுதப் போறதெல்லாம் இதுக்கு சாட்சி.

சாட்சி ஒண்ணு: மூச்சு.

ஸ்டான்ஃபோர்ட்னு ஒருத்தர், அயர்லாந்துக்காரர், 1874ல இருந்து 1892 வரைக்கும் இதே டிரினிட்டியில ஆர்கனிஸ்டா இருந்தவர். இந்தக் கொயருக்குன்னே மூணு லத்தீன் மோட்டெட் எழுதினார். அதுல மூணாவது பேயாட்டி குவோரும் வியா. 119ஆம் சங்கீதத்தோட மொத வசனம். ஆறு குரல். மேல மூணு குரல் ஆரம்பிக்கும், கீழ மூணு குரல் பதில் சொல்லும், அப்புறம் ஆறும் பின்னிக்கும். ஆர்கன் கிடையாது. கேட்டா ஒரே நீட்டா, எங்கயும் வெட்டில்லாம ஓடும்.

ஒரு தடவை கொயருக்குப் பக்கத்துலயே இடம் கிடைச்சுது. எதிர்ல ஆல்டோ வரிசை. நான் பாட்டை விட்டுட்டு ஒரு பிள்ளையோட வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். (தப்பா எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சி.) அவ வாக்கியம் முடியுற இடத்துல மூச்சு வாங்கல. ஒரு வார்த்தைக்கு நட்ட நடுவுல, உயிரெழுத்து நீளுற இடத்துல, சத்தத்தை மெல்லத் தேய்ச்சு நிறுத்தினா. வாய் மட்டும் அதே வடிவத்துல தொறந்தே இருந்துச்சு. தோள் ஏறல. மூச்சு உள்ள போச்சு. அப்புறம் அதே உயிரெழுத்துக்குள்ள, அதே சுரத்துல, சத்தமில்லாம வந்து சேந்துக்கிட்டா. ஓடுற டவுன் பஸ்ல இறங்கி, ரெண்டு எட்டு ஓடி, அதே படியில ஏறுற மாதிரி. பக்கத்துல இருந்தவ அதுக்கு முன்னாடியே இறங்கி ஏறிட்டா. அதுக்கும் பக்கத்துல இருந்தவ இன்னும் இறங்கல.

இந்த வித்தையில ஒரே சட்டம்தான்: பக்கத்து ஆள் மூச்சு வாங்குற இடத்துல நீ வாங்காதே. அப்படின்னா பக்கத்து ஆள் எப்ப மூச்சு வாங்குறான்னு உனக்குத் தெரியணும். பாடிக்கிட்டே கேக்கணும். தன் குரல் நல்லா இருக்கான்னு ரசிச்சுக்கிட்டு நிக்கிற ஆளுக்கு இந்த வேலை ஆகாது.

சாட்சி ரெண்டு: "ஸ்".

லத்தீன்ல பாதி வார்த்தை "ஸ்"ல முடியும். சாங்க்டுஸ், தேயுஸ், தோமினுஸ். அந்தக் கல் கட்டடத்துல ஒருத்தன் கால் விநாடி முந்தினாப் போதும், பாம்பு பூந்த மாதிரி கேக்கும். முப்பது பேரும் முப்பது நேரத்துல முடிச்சா பிரஷர் குக்கர். அதனால கடைசி எழுத்தை எந்த இடத்துல வைக்கணும்னு பென்சில்ல குறிச்சு வெச்சுக்குறாங்க. சில கொயர்ல ரெண்டு மூணு பேரைத் தவிர மத்தவங்க அந்த "ஸ்"ஐ உச்சரிக்கவே மாட்டாங்க. சாயங்கால ஆராதனைக்குப் போய்ட்டு ஒரு "ஸ்"ஐப் பத்தி வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்த அண்ணன் தங்கச்சியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

சாட்சி மூணு. இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்: காந்தாரம், அதாவது சரிகமவுல வர்ற "க".

கர்நாடக சங்கீதம் பழகினவங்களுக்கு இது உடனே புரியும். நல்லா சுதி சேத்த தம்புராவை மீட்டிட்டு உன்னிப்பாக் கேட்டா, யாருமே வாசிக்காத அந்தர காந்தாரம் தானா உள்ள இருந்து எழும்பும். அந்த காந்தாரம் ஷட்ஜத்துக்கு 5க்கு 4ங்கிற விகிதத்துல இருக்கும். கீபோர்டுல இருக்குற காந்தாரம் அது கிடையாது. அதைவிட 14 சென்ட் தூக்கல். (ஒரு அரைச் சுரத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட். நிலம் அளக்குற சென்ட் இல்லீங்க.) எல்லா சுருதியிலயும் வாசிக்கணும்னு கீபோர்டுல எல்லா சுரத்தையும் சமமாப் பங்கு போட்டுட்டாங்க. அதுல நல்லா அடி வாங்கினதுல காந்தாரமும் ஒண்ணு.

இதைப் படிச்சா ஏறாது. பாடிப் பாக்கணும். தங்கச்சி வீட்டு அடுப்படியில பாத்தோம்.

போன்ல தம்புரா ஆப். ஆறு கட்டை, அதாவது 220 ஹெர்ட்ஸ். நான் சா பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ கீபோர்டு ஆப்ல காந்தாரத்தை அமுக்கிப் பாத்து, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுப் பாடினா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு குரலுக்கு நடுவுல ஒரு நடுக்கம், காதுக்குள்ள படபடபடன்னு.

"அண்ணே, நீ ஆடுற."

"நான் எங்க ஆடுறேன்? நீதான் தூக்கல்ல இருக்க. கொஞ்சம் எறக்கு."

"எறக்கினா அபசுரமாயிரும்ணே!"

"எறக்கிப் பாரு பிள்ள."

எறக்கினா ரொம்ப எறங்கிடுச்சு. ஒரு படி கீழ இருக்குற சாதாரண காந்தாரத்துப் பக்கம் போயிட்டா. மறுபடி ஏத்தினா. மறுபடி படபட. நான் "ஆ"ன்னு பாடுறேன், அவ "ஏ"ன்னு பாடுறா. ரெண்டு பேரும் "ஓ"வுக்கு மாறினோம். உயிரெழுத்து ஒண்ணானதும் தேடுறது லேசாச்சு. (கொயர் மாஸ்டருங்க எல்லாம் உயிரெழுத்து, உயிரெழுத்துன்னு உயிரை வாங்குறது ஏன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.) மயிரிழை, மயிரிழையா இறக்கிக்கிட்டே வந்தா. படபடப்பு மெதுவாச்சு. பட... பட... ப... நின்னுடுச்சு.

நின்ன இடத்துல அடுப்படி ஜன்னல் கண்ணாடி லேசா அதிர்ந்துச்சு. கீழ் ஸ்தாயியில மூணாவது ஆள் ஒருத்தன் பாடுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. மச்சான் ஹால்ல இருந்து எட்டிப் பாத்து, "யாரு வந்திருக்கா?"ன்னு கேட்டார்.

கணக்குல பாத்தா இது ஒண்ணும் மாயம் இல்ல. சுத்தமான காந்தாரம் 275 ஹெர்ட்ஸ். கீபோர்டு காந்தாரம் 277க்கும் கொஞ்சம் மேல. ரெண்டு குரலோட மேல் சுரங்களும் விநாடிக்கு ஒன்பது தடவை கிட்ட மோதிக்கும். அதான் படபட. சேந்துட்டா மோதல் நின்னு, இல்லாத கீழ் சுரம் ஒண்ணு காதுல கேக்க ஆரம்பிக்கும். டிரினிட்டியில கடைசி கார்டு (சேந்து ஒலிக்கிற சுர அடுக்கு) அடங்குறப்ப கூரையில இருந்து யாரோ கூடப் பாடுற மாதிரி தோணும் பாருங்க, அது இதுதான்.

நாங்க ரெண்டு பேர், ஒரே ஒரு சுரத்துக்கு, பால் பொங்கி வழியுற வரைக்கும் மல்லுக்கட்டினோம். அந்தப் பிள்ளைங்க 30 பேர், மாறிக்கிட்டே இருக்குற கார்டுகள்ல, நடக்கிற வேகத்துல, ஒவ்வொண்ணையும் கண்டுபிடிச்சுப் போய்க்கிட்டே இருக்காங்க.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. எல்லாரும் ஒவ்வொரு இடைவெளியையும் அப்பழுக்கில்லாமப் பாடினாலே சில கார்டு வரிசையில மொத்தச் சுருதியும் கீழ இறங்கிடும்! ஒரு சுத்து சுத்தி வந்தா சுமார் 22 சென்ட் குறைஞ்சிருக்கும். யார் மேலயும் தப்பு இல்ல, கணக்கு அப்படி. சுத்தமாவும் இருக்கணும், இறங்கவும் கூடாதுன்னா எங்கயோ ஒரு இடத்துல ஒரு சுரத்தைத் தெரியாம ஏமாத்தணும். எங்க ஏமாத்துறதுன்னு முப்பது பேரும் பேசாமலே ஒத்துக்கணும். கொயர் இறங்கிடுச்சுன்னு யாரையாவது திட்டுறதுக்கு முன்னாடி இதை நெனைச்சுக்கோங்க. (எங்க கொயர்ல இறங்கினதுக்கு இவ்வளவு பெரிய காரணம் எதுவும் கிடையாது. மொத நாள் ராத்திரி பரோட்டா.)

இப்ப கொஞ்சம் சரித்திரம். சின்னக் கொயர் ஏன் முக்கியம்னு சொல்லணும்ல.

வில்லியம் பேர்டுனு ஒருத்தர். எலிசபெத் ராணியோட அரண்மனை சேப்பல்ல பாடகர். அவரும் அவரோட குரு டாலிஸும் 1575ல நோட்டு அச்சடிக்கிற உரிமையையே ராணிகிட்ட வாங்கி வெச்சிருந்தாங்க. அவ்வளவு செல்வாக்கு. ஆனா ஆள் கத்தோலிக்கர். இங்கிலாந்துல அப்ப கத்தோலிக்கப் பூசை நடத்தினா குற்றம். பாதிரியார் மாட்டினா உயிரே போகும். பணக்காரக் குடும்பங்க வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுப் பூசை நடத்தினாங்க. எஸ்ஸெக்ஸ்ல பேர்டுக்கு ஆதரவா இருந்த பீட்டர் குடும்பத்தோட இங்கட்ஸ்டோன் மாளிகையில, பாதிரியார் ஒளியறதுக்குன்னே சுவருக்குள்ள கட்டின பொந்து இன்னிக்கும் இருக்கு.

அந்தப் பூசைகளுக்காக 1590கள்ல பேர்டு மூணு மாஸ் எழுதினார். நாலு குரலுக்கு ஒண்ணு, மூணு குரலுக்கு ஒண்ணு, அஞ்சு குரலுக்கு ஒண்ணு. தலைப்புப் பக்கமே இல்லாம அச்சடிச்சாங்க, அச்சடிச்சவன் மாட்டக் கூடாதுன்னு. 1605ல பேர்டோட வேறொரு பாட்டுப் புத்தகத்தைக் கையில வெச்சிருந்ததுக்காக ஒரு ஃபிரெஞ்சுக்காரரைப் பிடிச்சு உள்ள போட்டிருக்காங்க. பாட்டுப் புத்தகத்துக்கு!

அப்ப இந்த இசை பெரிய கோயிலுக்கு எழுதினது கிடையாது. கதவைச் சாத்தின ஒரு அறைக்கு, கைக்கு அகப்பட்ட நாலஞ்சு பேருக்கு, தெருவுக்குச் சத்தம் போகாமப் பாடுறதுக்கு. நூறு பேர் நின்னு முழங்கினா அதோட உயிரே போயிடும். அதனாலதான் இதுக்கெல்லாம் சேம்பர் கொயர் வேணும்ங்கிறது. சின்னக் கூட்டத்துல யாரும் யாருக்குப் பின்னாடியும் ஒளிய முடியாது. (பாதிரியார் ஒருத்தருக்குத்தான் அந்த வசதி.)

நாலு குரல் மாஸ்ல கடைசிப் பகுதி ஆக்னுஸ் தேயி. மேல ரெண்டு குரல் மட்டும் ஆரம்பிக்கும். அப்புறம் கீழ இருந்து சேந்துக்கும். முடிவுல சமாதானம் கேட்டு வேண்டுற இடத்துல, ஒரு குரல் தன் சுரத்தை விட மாட்டேன்னு பிடிச்சுக்கும், இன்னொரு குரல் வந்து பக்கத்துலயே உரசும், வலிக்கும், அப்புறம் மொதக் குரல் ஒரு படி இறங்கிக் கொடுக்கும். அது முடியறதுக்குள்ள அடுத்த உரசல். அடுத்தடுத்து இதேதான். சமாதானம் கேக்குற வார்த்தை, ஆனா சுரத்துல சமாதானமே இல்ல. சட்டத்துக்குப் பயந்து உக்காந்திருந்த ஒரு கூட்டம் சமாதானம் கேட்டா அப்படித்தான் இருக்கும்.

இதுல இன்னொரு விஷயம். டிரினிட்டி சேப்பலைக் கட்ட ஆரம்பிச்சது கத்தோலிக்க ராணி மேரி. 1567 வாக்குல கட்டி முடிச்சது அவங்க தங்கச்சி, புராட்டஸ்டன்ட் எலிசபெத். அந்தக் கட்டடத்துல இன்னிக்கு ஆங்கிலிகன் ஆராதனையில பேர்டைப் பாடுறாங்க. கடவுள் நம்பிக்கை உள்ளவன், இல்லாதவன், வேற மதத்துக்காரன் எல்லாரும் கொயர்ல நின்னு. பேர்டுக்குத் தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பார்.

இப்ப ஒரு குறையும் சொல்லிடறேன், இல்லன்னா காசு வாங்கிட்டு எழுதுறேன்னு நெனைப்பீங்க. இந்த மாதிரி இளசுக் கொயர் எல்லாத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு: ரொம்பச் சுத்தம். அந்த உரசல்கள் வலிக்கணும்ல? சில நாள் இவங்க வலியைக்கூட இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சுடுறாங்க. அப்ப எனக்கு, ஊர்ல கல்லறைத் தோட்டத்துல சுருதி சேராம "ஆ"ன்னு அழுதுகிட்டே பாடுற பாட்டிகளைத்தான் தேடும்.

ஆனா ஹவெல்ஸ்ங்கிற இசையமைப்பாளரோட ரெக்வியம் (இறந்தவங்களுக்காகப் பாடுறது) மாதிரி ஒண்ணை எடுத்துக்கோங்க. 1932ல எழுதினது. மூணு வருஷத்துல, 1935ல, அவரோட ஒன்பது வயசு மகன் போலியோவுல போயிட்டான். அந்த இசையை எடுத்து மகனுக்காக இன்னொரு பெரிய படைப்புக்குள்ள வெச்சார். மூலப் பாட்டு அச்சாக கிட்டத்தட்ட 50 வருஷம் ஆச்சு. டிரினிட்டி பிள்ளைங்க பாடின ரெக்கார்ட் இருக்கு. இருபது வயசுக்கு என்ன துக்கம் தெரியும்னு நெனைச்சுத்தான் போட்டேன். அவங்க துக்கத்தை நடிக்கவே இல்ல. கார்டை நேரா வெச்சுட்டு நகர்ந்துட்டாங்க. அழ வேண்டிய வேலையை நம்ம கையில கொடுத்துட்டாங்க. அந்தப் பாட்டுக்கு அது சரியா இருந்துச்சு.

இளமை என்ன கொடுக்குதுன்னா, அதான்: கனமில்லாத குரல். பெரிய ஓபரா நடுக்கம் இன்னும் உள்ள வந்திருக்காது, அதனால காந்தாரம் எங்க இருக்குன்னு தெளிவாத் தெரியும். என்ன கொடுக்காதுன்னா, நிலைச்சு நிக்கிறது. மூணு வருஷப் படிப்பு. வருஷா வருஷம் ஒரு பெரிய பங்கு படிப்பு முடிஞ்சு கிளம்பிடும். அக்டோபர்ல புது முகங்க. போன ஜூன்ல கச்சிதமாச் சேந்திருந்த "ஓ" இப்ப கிடையாது. மறுபடி அ, ஆ, இ, ஈ. டெர்ம் எட்டு வாரம். கையில இருக்குற நேரத்துல அன்னிக்குப் பாட வேண்டியதைப் பாத்த மாத்திரத்துல பாடித் தேத்தணும். வயசே ஏறாத கொயர், அனுபவமும் ஏறாது. அப்படியும் அதே சத்தம் வருஷா வருஷம் திரும்ப வருதுன்னா, அது யாரோட குரலும் இல்ல. கேக்குற பழக்கம். சீனியர் பக்கத்துல ஜூனியரை நிக்க வெச்சு, காதுல இருந்து காதுக்குப் போகுது.

இதை வெச்சுக்கிட்டு நான் சும்மா இருப்பேனா? லீவுக்கு ஊருக்குப் போனப்ப எங்க கொயர்ல ஆரம்பிச்சேன்.

நம்ம ஊர்ல பெரும்பாலும் என்ன நடக்குது? கீபோர்டு ஃபுல் வால்யூம். அதுல ஸ்ட்ரிங்ஸ் டோன். கூட ரிதம். கொயர் பாடுதா, வாய் அசைக்குதான்னே தெரியாது. நாலு பேருக்கு ஒரு மைக், அதையும் பெரிய குரல் உள்ளவங்க பிடிச்சுக்குவாங்க. டோனிக் சோல்ஃபா எழுத்துக் குறிப்பைப் பாத்து அட்சரம் பிசகாமப் பாடுற பெரியவங்க எங்க ஊர்ல நெறைய இருந்தாங்க. அவங்க காதையெல்லாம் இந்தக் கீபோர்டு மூடிடுச்சு. எனக்கு இதுல தீராத ஆத்திரம்.

"ஒரே ஒரு சரணம், கீபோர்டு இல்லாம"ன்னு கேட்டேன். கொயர் மாஸ்டர் அண்ணன் என்னை ஏற இறங்கப் பாத்தார். "சுருதி போயிரும் தம்பி." போகட்டும்னேன்.

போச்சு. பாஸ் வரிசை மொதல்ல பயந்து கத்திச்சு. ஆல்டோ அக்காக்கள் மெலடியைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. மைக்கை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு வட்டமா நிக்கச் சொன்னேன், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குற மாதிரி. கொஞ்சம் தேறிச்சு. பாதிச் சத்தத்துல பாடச் சொன்னேன். இன்னும் தேறிச்சு. வார்த்தையை விட்டுட்டு "ஊ"ன்னு மட்டும் பாடச் சொன்னப்ப, கடைசி கார்டுல காந்தாரம் ஒரு நிமிஷம் வந்து உக்காந்துச்சு. ஆல்டோவுல மூத்த அக்கா கண்ணை அகல விரிச்சு, "ஏ, இது என்னது!"ன்னாங்க. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கீபோர்டு திரும்ப வந்துடுச்சு. ஆனா அண்ணன் இப்ப பிராக்டிஸ்ல மொத சரணத்தை வெறுங்குரல்லதான் பாட வைக்கிறாராம். கேள்விப்பட்டேன்.

கேக்க ஆரம்பிக்கணும்னா மொதல்ல ஸ்டான்ஃபோர்டோட பேயாட்டி குவோரும் வியா. அப்புறம் பேர்டு நாலு குரல் மாஸ், கடைசிப் பகுதியில இருந்து பின்னோக்கி. ஹவெல்ஸ், ராத்திரி வீடு அடங்கினப்புறம். ஹெட்போன்ல மேல் குரலை விட்டுட்டு டெனாரைப் பிடிச்சுக்கிட்டே போங்க. (டெனார்காரன் சொன்னா அப்படித்தான் சொல்வான்.) நடுக் குரலைப் பிடிக்கப் பழகிட்டா மத்த மூணும் எப்படி ஒண்ணு மேல ஒண்ணு சாயுதுன்னு தானாத் தெரியும்.

நேர்லயே போக வாய்ச்சா, ஈவன்சாங்குக்கு டிக்கெட் கிடையாது. முன்னாடியே போய் இடம் பிடிங்க. ஆந்தெம் முடிஞ்சதும் கை பரபரக்கும். தட்டிடாதீங்க, அது ஆராதனை. போறதுக்கு முன்னாடி டெர்ம் தேதியை மறக்காமப் பாத்துக்கோங்க. லீவு நாள்ல போனீங்கன்னா முன் மண்டபத்துல பளிங்குல நியூட்டன் மட்டும்தான் நின்னுக்கிட்டிருப்பார். அவர் பாட மாட்டார்.